'கொலை' என்று தேடினால் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்தால் போதும், கணினியிலும் கைத்தொலைபேசியிலும் குற்ற ஆதாரம் தேடும் டிஜிட்டல் தடயவியல் படிக்கலாமா, அதற்கு என்ன கணினி வாங்குவது என்று கேட்கும் பெற்றோர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது நிறைய. கணினிக்குப் பதில் சுருக்கம்: 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஆதாரத் தட்டுகளின் முழுப் பிரதிகளை வைக்க 1 டிபி வெளி வன்தட்டு. ஆதாரங்களைப் பிரதி எடுத்து ஆராயும் மென்பொருள்களான ஆட்டோப்ஸி, எஃப்டிகே இமேஜர், வொலட்டிலிட்டி மூன்றும் இலவசம். காசு பிடிப்பது ரைட் புளொக்கர்தான். ஆதாரத் தட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் அந்தக் கருவியைக் கற்பிக்கும் துறைதான் வாங்கி வைக்க வேண்டும், பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

நான் எழுத வந்தது வேறு விசயம். இந்தப் பாடத்தில் புழங்கும் பயிற்சிப் பிரதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றில் மட்டும் கை பழகியவர், தமிழ்க் கோப்புகள் நிறைந்த ஒரு வன்தட்டைத் திறந்தால் முதல் தேடலிலேயே வழுக்குவார்.

'கொலை' என்ற சொல்லை எடுங்கள். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது நாலு குறி. அதைக் கோப்பில் சேமிக்கும் இரு முறைகளில், யூடிஎஃப்-8 இல் 12 பைட், யூடிஎஃப்-16 இல் 8 பைட். ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துப் பதிந்திருந்தால் ஐந்து குறி, யூடிஎஃப்-8 இல் 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் ஒன்று தப்பிவிடும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவான பாமினியில் தட்டியிருந்தாலோ உள்ளே தமிழே இல்லை: என், எஃப், எச், ஐ, வை என்று ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கும். அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய கடிதங்கள் எத்தனை பாமினியில் இருக்கின்றன என்று தட்டச்சு செய்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பாமினியில் இன்னுமொரு கண்ணி உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமல் தேடுவது பல மென்பொருள்களின் வழக்கம். பாமினியில் பல இடங்களில் அந்த வேறுபாடுதான் குறில் நெடில். 'தி'யும் 'தீ'யும் ஒன்றாகிவிடும். இரண்டே எழுத்துள்ள சொல் என்றால் குப்பையாக ஆயிரம் விடை வந்து விழும்.

கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் தனிக் கதை; ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். குரல் செய்திகளைச் சொற்தேடல் தொடாது. நம் ஊர்ப் பேச்சு காதுக்குப் பழகியவர் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு ஒரு மாலைச் செய்முறை போதும். 8 ஜிபி பென் டிரைவை முழுக்கச் சுழியத்தால் நிரப்பி எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் வடிவமையுங்கள். வெறுமனே ஃபோர்மட் செய்தால் பழைய கோப்புகள் மிச்சமிருந்து விடையைக் குழப்பும். மேற்சொன்ன வடிவங்களில் ஐந்து கோப்புகளை இட்டு, இரண்டை அழித்துவிட்டு, பிரதி எடுத்து அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 பெறுமதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாணவரைத் தேடச் சொல்லுங்கள். ரைட் புளொக்கர் இல்லாமல் அதே டிரைவை விண்டோஸில் ஒருமுறை செருகி மறுபடி பிரதி எடுத்தால் பெறுமதி பெரும்பாலும் மாறியிருக்கும். விண்டோஸ் கேட்காமலே தன் கோப்புறையை அதில் எழுதிவிடும். அழித்த கோப்பைத் தேடும் பாடத்தை எஸ்எஸ்டியில் வைக்க வேண்டாம். எந்த இடம் இனித் தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளை போனதும் அது அழித்த இடத்தைத் தானே துப்புரவாக்கிவிடும், ரைட் புளொக்கரும் அதை நிறுத்தாது.

நேரத்தையும் விடக்கூடாது. எஃப்ஏடி32 உள்ளூர் நேரத்தைப் பதியும், விண்டோஸின் மற்றொரு கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தை. 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணித்தியாலம் முன்னால் இருந்தது, பிறகு மீண்டும் ஐந்தரை. அதற்கு முந்திய வன்தட்டில் கணக்கு அரை மணித்தியாலம் பிசகினால் முதலில் இதைப் பாருங்கள்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், விசாரணைக்கு உதவும் நிபுணர்களில் பல்கலைக்கழக ஆளணியினருக்கும் இடம் வைத்திருக்கிறது. ஆகவே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் இறுதியாண்டு மாணவர் இருவருக்கு ஒரு செய்திட்டம் கொடுக்கலாம்: மிரட்டல், கடன், காணி, கொலை போன்ற 200 சொற்கள், ஒவ்வொன்றும் யூனிகோடின் இரு வடிவத்திலும் பாமினியிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும், ஆட்டோப்ஸியில் நேரே ஏற்றக்கூடிய பட்டியலாக.

இங்ஙனம்,
கணினித்துறை வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.