முகாமுக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் குடியிருக்கிறேன். 1991-இல் முகாமிலேயே பிறந்தவன், பெயிண்ட் வேலைக்குப் போகிறேன். கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது கேமராவோடு வந்துவிடுகிறார்கள். சமூக ஆர்வலர் என்பார்கள், சட்டக் கல்லூரி மாணவர் என்பார்கள், இல்லையென்றால் ஏதாவது யூடியூப் சேனல் பெயரைச் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் வருகிறார்கள், நான் அதை மறுக்கவில்லை. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வெளியாட்கள் முகாம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாமல் இருந்த வருடங்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள், கடைசியில் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

எந்த வருடம் வந்தீர்கள், எப்படிப் படகு ஏறினீர்கள், யாரைப் பறிகொடுத்தீர்கள். இதைத் தாண்டிக் கேட்பவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அம்மம்மா 1990-இல் மன்னாரிலிருந்து வந்தவர். ஒரு குழுவிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார், நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். அவர் பேசியதில் பெரும்பகுதி பேரனைப் பற்றி. இன்ஜினியரிங் படித்தவன், கம்பெனியில் தேர்வு, நேர்காணல் எல்லாம் தேறிவிட்டான், கடைசியில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், அத்தோடு கதை முடிந்தது, இப்போது என்னோடு சாரத்தில் நின்று பட்டி பார்க்கிறான். வெளியே வந்த வீடியோ சில நிமிடம்தான் ஓடுகிறது. அதில் பேரனே இல்லை. படகு, கடல், அம்மம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது, பின்னால் சோகப் புல்லாங்குழல். முகப்புப் படத்தில் அவர் அழுகிற முகம், அதை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. அந்த அம்பு எதைக் காட்டுகிறது என்று முகாமில் ஒருவருக்கும் இன்றுவரை புரியவில்லை.

படகுக் கதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அது எங்கள் கதைதான். ஆனால் முகாம்களில் இருக்கிற 50,000-க்கும் அதிகமான பேரில் பெரும் பங்கு கடலே தாண்டாதவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்கள் பிரச்சினை காகிதப் பிரச்சினை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அதுவும் போதாது, மற்றவர் சட்டப்படி வந்தவராகவும் இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் குடியிருப்பது திருச்சி கொட்டப்பட்டு முகாமில். அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காது, காரணம் நான் நாலைந்து வருடம் தள்ளிப் பிறந்தது மட்டும்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுதான், இலங்கை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்த மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற வேண்டியவர்களின் பிள்ளைகள் அகதியாகப் பதிவாகி முகாமில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் அந்தந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிற சான்றிதழை வைத்தே ஒரு வீடியோவில் காட்டிவிடலாம். அழுகை வராது, பார்வையாளர் எண்ணிக்கையும் குறையும், சரி. ஆனால் பார்க்கிற பத்துப் பேரில் ஒரு வழக்கறிஞர் இருந்தாலும் பிரயோஜனம்.

அப்புறம், வந்தவர்கள் போய்விடுகிறார்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம். முகாமுக்குள் வெளியாள் வர அனுமதி வாங்க வேண்டும், பலர் வாங்குவதில்லை. வீடியோ வெளியான பிறகு, யார் கூட்டி வந்தது, ஏன் பேசினாய் என்ற கேள்வி முகாம் தலைவருக்கும் பேசியவருக்கும்தான் வருகிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சிலர் முகாம் என்பதைக் கூடப் படிப்பவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். தார் ஷீட் கூரைக்குக் கீழே துணி காய்கிற இடத்தில் அந்தப் பிள்ளை குடத்தோடு நடந்து போவது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தால் மறுநாள் அவள் எப்படிப் பேருந்து ஏறுவாள்? (அதே முகாமில் அரசு கட்டிக்கொடுத்த புது வீடுகளும் இருக்கின்றன. கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.)

2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து மக்கள் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியபோதும் இதுதான் நடந்தது. குழந்தைகளின் முகம்கூட மறைக்காமல், படகுக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பதிவு போட்டார்கள். முதலில் வந்தவர்களைப் புழல் சிறைக்கு அனுப்பிவிட்டுத்தான் பிறகு மண்டபம் கொண்டு வந்தார்கள். சட்டம் அப்படி இருக்கும்போது, களைத்துப்போய் நிற்கிற ஆளிடம் கேமராவில் இதைக் கேட்கலாமா? ஊரில் விட்டுவந்த அண்ணன் தம்பி பெயரையும் அவர் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

ஆகவே வருகிறவர்களிடம் கேட்பது இதுதான். அனுமதியோடு வாருங்கள். எடுத்ததைப் போடுவதற்கு முன்னால் பேசியவரிடம் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், அவர் போனுக்கு அனுப்பினாலே போதும். அதை நீக்கு, முகத்தை மறை என்றால் மறுபேச்சு இல்லாமல் செய்யுங்கள், ஆறு மாதம் கழித்துச் சொன்னாலும் செய்யுங்கள். உதவி வாங்கித் தருகிறேன் என்று ஜிபே எண்ணைப் போட்டால் எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். இன்னொன்று, எங்கள் பிள்ளைகளுக்கே நன்றாக வீடியோ எடுக்கத் தெரியும். அவர்களில் இரண்டு பேருக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டிய அவசியமே இல்லை.

இதை வெளியிட்டால் என் பெயரையும் முகாமின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள், மாவட்டம் போதும்.

இப்படிக்கு,
முகாம் வாசி ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.