காலைக் கூட்டம் பெரட்டு ஆகிவிட்டது: எங்கள் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஈப்போ அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை என்று உங்கள் குழுவில் நிரல் எழுதுகிறேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவி, பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கர் கிராணி பேர் கூப்பிடுவார், ஆள் வந்திருந்தால் சரி. எந்த மரம் பட்டுப்போனது, எங்கே பால் பிடிக்கும் மங்கு உடைந்தது என்று அங்கே யாரும் கேட்டதில்லை என்பார் அம்மா.

நம் காலை ஸ்டாண்ட் அப் கூட்டமும் அப்படி ஆகிவிட்டது. எந்த வேலை எங்கே சிக்கி நிற்கிறது என்பதை 15 நிமிடத்தில் பேசி முடிக்க வந்த பழக்கம் அது. நாங்களோ நேற்று செய்ததை ஒப்பித்துவிட்டு, "சிக்கல் எதுவும் இல்லை" என்று முடிக்கிறோம். சிக்கல் இருக்கிறது. சொன்னால், "ஏன் இதை நேற்றே முடிக்கவில்லை?" என்று எல்லார் முன்னாலும் கேட்பீர்கள். அந்தப் பயம்தான்.

போன மாதம் நம் மென்பொருளின் கட்டணப் பகுதிக்கு வாடிக்கையாளரிடம் நீங்கள் தேதி கொடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சோதனைக்கு மட்டும் மூன்று வாரம் வேண்டும் என்பது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். நாங்கள் வாய் திறக்கவில்லை, அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. தேதி தவறியதும் இன்னும் நான்கு பேரைச் சேர்த்தீர்கள். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச 10 வழி, ஒன்பது பேர் என்றால் 36. தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய குழுவை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே எங்களுக்கு ஒரு வாரம் போனது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பாவம், வந்த அன்றே திட்டு வாங்கினார்கள்.

அப்புறம் அந்த இரவு வாட்ஸ்அப். பதினொரு மணிக்கு ஒருவருக்கு மட்டும் ஒரு மாற்றம் வருகிறது. மறுநாள் மற்றவர் பழையபடியே எழுதிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அதை எல்லாரும் பார்க்கும் டிக்கெட்டில், அதாவது அந்த வேலைக்கான பதிவில், எழுதுங்கள். தேதி கொடுக்குமுன் வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வரும் திங்கட்கிழமை நானே முதலில் பேசுகிறேன். பணம் திருப்பித் தரும் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது. இரண்டு வாரமாகத் தெரிந்தும் சொல்லவில்லை. யார் எழுதியது என்று கேட்குமுன், எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் நிரல் எழுதும் ஒருத்தி,
சுங்கை சிப்புட்