அது புகைப்படம் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு அறிவியல் பக்கத்தில், ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைச் சூழ்ந்த வாயு பற்றிய கட்டுரைக்கு ஊதாப் புகைமண்டலம் ஒன்றை அச்சிட்டு, 'ஹப்பிள் எடுத்த படம்' என்று போட்டிருந்தீர்கள். அது ஓவியர் வரைந்தது. ஹப்பிள் அந்த வாயுவை அப்படிப் படம் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது.

அதன் வெளிப்பகுதியில் ஒரு லிட்டர் இடத்துக்கு ஓர் அணு தேறினாலே அதிகம். வாயு தானாக ஒளிர்வது அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அடர்த்தி நூறில் ஒன்றானால் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒளியை விழுங்குவது அடர்த்திக்கு நேர்விகிதம்தான். அதனால் வெகுதொலைவில் உள்ள குவேசாரை (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையத்தை) பின்விளக்காக வைத்து, அதன் புறஊதா ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த நிறமாலையில் எந்த அலைநீளம் மங்குகிறது என்று பார்க்கிறார்கள். 2009இல் ஹப்பிளில் 'காஸ்' நிறமாலைமானியைப் பொருத்திய பிறகுதான் இந்த வேலை சூடுபிடித்தது. 2020இல் வந்த ஆண்ட்ரோமெடா ஆய்வில் 43 குவேசார்கள். அதாவது அவ்வளவு பெரிய வாயுப் போர்வையில் 43 ஊசித் துளைகள். வாயு 13 லட்சம் ஒளியாண்டு, சில திசைகளில் 20 லட்சம் வரை பரவியிருக்கிறது என்ற கணக்கு அவற்றிலிருந்து வந்ததே.

இவ்வகை ஆய்வுகளில் முக்கியமாகத் தேடுவது ஐந்து எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜனை. அது நிறமாலையில் 1031.9, 1037.6 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இடங்களில் ஒளியை விழுங்கி இரட்டைக் கோடு போடும். முதல் கோடு இரண்டாவதைவிட இருமடங்கு வலுவாக இருக்க வேண்டும். ஒற்றைக் கோட்டை மட்டும் நம்பினால் வினைதான். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீளும் அளவு) 0.2 உள்ள கேலக்ஸி என்றால் முதல் கோடு 1238.3க்கு நகர்ந்திருக்கும், நம் பால்வெளியின் நைட்ரஜன் கோடு 1238.8இல், ஒட்டினாற்போல நிற்கும். 1245.1இல் துணைக்கோடும் அகப்பட்டால்தான் ஒப்புக்கொள்ளலாம். இரண்டும் சம வலுவாகத் தெரிந்தால் கோடு நிறைவுற்றுவிட்டது, அதாவது அந்த அலைநீளத்தில் விழுங்க ஒளி மிச்சமில்லை என்று பொருள். 'இத்தனை அணுக்களாவது உண்டு' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஆண்ட்ரோமெடா திசையில் இன்னொரு தொல்லை: மகெல்லன் மேகங்கள் என்ற பக்கத்துச் சிறு கேலக்ஸிகளிலிருந்து பிரிந்து நீளும் மகெல்லன் ஓடை எனும் வாயு நடுவே குறுக்கிடுகிறது. வேகமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால், அதன் பங்கைப் பிரித்துக் கழித்த பிறகே மிச்சத்தை ஆண்ட்ரோமெடாவின் கணக்கில் எழுத முடியும்.

'3 லட்சம் டிகிரி, உள்ளே போனால் பொசுங்கிவிடும்' என்ற வரியும் தவறு. அது ஒவ்வொரு துகளும் ஓடும் வேகத்தைக் குறிக்கும் அளவு. லிட்டருக்கு ஒரு துகள் வந்து மோதினால் ஒரு துளி தண்ணீர்கூடச் சுடாது.

கட்டுரையில் தந்த வாயுவின் நிறையும் அப்படித்தான். மிகத் தோதான வெப்பநிலையிலும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஐந்து எலெக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும். அந்த உச்சவிகிதத்தை வைத்தே கணக்கிடுவதால் கிடைப்பது கீழ்வரம்பு. 'குறைந்தது' என்ற சொல் உங்கள் கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

– வானியற்பியல் ஆசிரியர்கள் இருவர், திருச்சி