வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் பள்ளியின் பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ் என்று வேலைகள் வந்து குவிவதற்குள் ஒரு கடனைத் தீர்த்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டலையும் மிரட்டலையும் ஒதுக்கிவைத்தலையும் குறைக்கப் போன ஆண்டு தோள்கொடுத்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை வாங்காதவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்தது என்ன, அது ஏன் பலித்தது என்பதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். வேறு பள்ளிக்காரர்கள் படித்தாலும் பயன்படும்.

முதல் நன்றி, வரைபடம் போட்டுக் கொடுத்த ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு. பள்ளி வளாகத்தின் வரைபடத்தை நகலெடுத்து, சிவப்பு, பச்சை என்று இரண்டு கிரேயான் கொடுத்தோம். பயமான இடத்துக்குச் சிவப்பு, நிம்மதியான இடத்துக்குப் பச்சை. பெயர் எழுத வேண்டாம். முதல் வகுப்பில் இது தோற்றது. ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்ததால் எல்லாத் தாளும் பச்சையாகவே வந்தது. அடுத்த வகுப்பிலிருந்து ஆசிரியர் நாற்காலியை விட்டு எழவில்லை. தாளை மடித்துப் பிள்ளைகளே கவரில் போட்டார்கள். ஆண்பிள்ளைகள் தாளையும் பெண்பிள்ளைகள் தாளையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு பேருக்கும் பயமான இடம் ஒன்றல்ல. ஆண்பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடைப்பட்ட சந்தும் சிவந்திருந்தன. பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் ஸ்டாண்டும் பஸ் நிறுத்தமும். வகுப்பறைகள் பெரும்பாலும் பச்சை. ஆசிரியர் கண் படும் இடத்தில் நாங்கள் ஒழுக்கத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்; தொல்லை நடந்ததெல்லாம் வேறு இடத்தில். அதன் பிறகுதான் இடைவேளைப் பொறுப்பை வகுப்புவாரியாகப் போடுவதை விட்டு இடவாரியாகப் போட்டோம்.

அடுத்து, எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு. இடைவேளை பெல் அடித்தால் கழிப்பறைக்கு ஓடாமல், பாடம் தொடங்கியபின் அனுமதி கேட்டு வரும் பிள்ளைகளை அவர் கவனித்து வைத்திருந்தார். "தண்ணியே குடிக்கிறதில்ல சார் சிலது. குடிச்சா போகணுமேன்னு" என்றார். இரண்டே வாக்கியம். பயிற்சி வகுப்புகளில் யாரும் எங்களுக்குச் சொல்லாதது. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால் என்ன பொருள் என்று பெற்றோரும் இதை வைத்துப் பார்க்கலாம்.

காரணத்தையும் அவரே காட்டினார். கழிப்பறைக் கதவுகள் எட்டிலும் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. கட்டும்போது யாரோ கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிட்டுப் போனது. உள்தாழ்ப்பாள் பாதிக் கதவுகளில் இல்லை. உள்ளே போன சின்னப் பையனை வெளியே தாழ்ப்போட்டுவிட்டுப் போவதுதான் இடைவேளை விளையாட்டு. பத்து நிமிட இடைவேளையில் ஒன்பது நிமிடம் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை மறுநாள் அந்தப் பக்கமே போகாது. ஊரிலுள்ள வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு சனிக்கிழமை கிரைண்டரோடு வந்து எட்டுத் தாழ்ப்பாளையும் அறுத்தெடுத்தார். அறுத்த இடத்தில் கை கிழிக்காதபடி அரம் போட்டுத் தேய்த்தார். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாளை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணே, நாங்கள் அடித்த சுற்றறிக்கைகளைவிட உங்கள் ஒரு மணி நேர வேலை அதிகம் செய்தது. உள்ளபடியே சொல்கிறேன்.

சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலர் அக்காவுக்கும். முட்டை யார் தட்டில் விழுகிறது, யார் வாயில் போகிறது என்று பார்த்தவர்கள் அவர்கள். வரிசையில் நிற்கும்போதே முட்டையை வைத்தால், உட்காரும் இடத்துக்குப் போவதற்குள் சின்னவன் தட்டிலிருந்து பெரியவன் தட்டுக்கு மாறிவிடுகிறது. கேட்டால் "எனக்குப் பிடிக்காது, நானே குடுத்தேன்" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். அதனால் ஆறு, ஏழு வகுப்புகளை முதலில் உட்காரவைத்து, சாதம் பரிமாறியபின் முட்டையை ஒவ்வொருவராகப் பார்த்துக் கையில் கொடுக்கும் முறையை அவர்களே கொண்டுவந்தார்கள். கூடுதலாகப் பத்து நிமிட வேலை; ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

மாலை நேர டவுன் பஸ் நடத்துநருக்கும் நன்றி. சின்னப் பிள்ளைகளை முன்வாசலில் ஏற்றி முன்னாலேயே உட்காரவைத்ததால் பின்சீட்டு ராஜ்ஜியம் தானாகக் கலைந்தது.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி விஷயத்தில் வழிகாட்டியவர் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய் ஒருவர். தலைமை ஆசிரியர் அறை வாசலில் பெட்டி மாட்டியிருந்தோம். அதில் சீட்டுப் போடுகிறவர் யாரென்று மைதானம் முழுக்கத் தெரியும். பிறகு யார் போடுவார்கள்? அவர் சொன்ன யோசனை இது: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுச் சீட்டு கொடுங்கள், எழுத ஒன்றுமில்லாதவர் "ஒன்றுமில்லை" என்று எழுதட்டும், எல்லோரும் மடித்துப் போடட்டும். அப்போது யார் புகார் எழுதினார் என்று எவருக்கும் தெரியாது. பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி பள்ளியில், ஒன்று குழுவில். திங்கள் காலை இருவரும் சேர்ந்து திறந்து பதிவேட்டில் ஏற்றுகிறோம். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனை. பெட்டியை நம்பாத பிள்ளைகளுக்காக 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்ற இரண்டு எண்களையும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியவர்கள் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள். அந்த இடத்தில்தான் நின்று நிதானமாகப் படிக்க முடியும் என்றார்கள்.

விசாரணையில் நாங்கள் எத்தனை தப்பு செய்துகொண்டிருந்தோம் என்பதை மாற்றிக்காட்டிய ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லாமல் முடியாது. இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து "என்ன நடந்தது?" என்று கேட்பது பழைய வழக்கம். சமபலமுள்ள இருவர் சண்டையென்றால் அது சரி. நார்வே ஆய்வாளர் டான் ஒல்வேயஸ் இந்தக் கொடுமைக்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் சமமில்லாதவரிடம் செய்வது. மூன்றாவதை மறந்தால் விசாரணையே இன்னொரு மிரட்டலாகிவிடும். எதிரே நிற்பவனைப் பார்த்ததும் பாதிக்கப்பட்ட பிள்ளை "சும்மா விளையாட்டுதான் சார்" என்று சொல்லிவிடும். அதை நம்பிக் கைகுலுக்கச் சொல்லி அனுப்பினால், மாலையில் சைக்கிள் ஸ்டாண்டில் வட்டியோடு திரும்பக் கிடைக்கும்.

இப்போது முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளை, அடுத்து பார்த்தவர்கள், கடைசியில் செய்தவர். ஒவ்வொருவரையும் தனியாக, ஆனால் ஒரே நாளில் கேட்டுவிட வேண்டும். ஓர் இரவு இடைவெளி விட்டால் கதை ஒத்திகை பார்க்கப்பட்டுவிடும். பிள்ளை சொன்ன வார்த்தையையே எழுதுகிறோம், நம் நாகரிகத் தமிழில் மாற்றுவதில்லை. "இனி எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" என்று மறக்காமல் கேட்கிறோம். மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஒரு மாதம் கழித்து மீண்டும் விசாரிக்கிறோம். பாலியல் தொல்லையின் சாயல் தெரிந்தால் பள்ளிக்குள் விசாரணையே கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி உடனே போலீசுக்குத் தகவல் கொடுப்பது கடமை.

அடி கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைக் கைவிட்ட ஆசிரியர்களை இங்கே வணங்குகிறேன். ஆசிரியர் ஒருமுறை சிரிப்புக்காகச் சொன்ன பெயரை, வகுப்பு மூன்று வருடம் சொல்லும். கழிப்பறை கழுவச் சொல்வதும் இப்போது இல்லை. அது பிள்ளையை மட்டுமா, அந்த வேலையைச் செய்கிற அம்மாவையும் சேர்த்தே அவமதிப்பது. உடைத்ததைச் சரிசெய்வது, கிழித்த நோட்டை உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது, இடைவேளையை இரண்டு வாரம் ஓர் ஆசிரியரோடு கழிப்பது என்று தண்டனை செய்த காரியத்தை ஒட்டியே இருக்கிறது.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித் தாங்களாக வந்து பேசிய பெரியவர்களுக்குத் தனி நன்றி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் பள்ளி மாணவர்களே சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டியதை இந்த ஊரும் மறக்கவில்லை. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறிகளுக்குத் தடையும், அகரவரிசைப்படி இருக்கையும் பரிந்துரைக்கப்பட்டன. இருக்கையை நாங்களே மாற்றிவிட்டோம். கயிற்றைப் பள்ளியில் எல்லோர் முன்னும் கத்தரித்திருந்தால் மறுநாள் இரண்டு மடங்கு கட்டி வந்திருப்பார்கள். பெரியவர்கள் இரு தெருவிலும் வீடு வீடாகப் பேசியதால் பிள்ளைகள் வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள்.

வேடிக்கை பார்க்காமல் நகர்ந்து வந்த பிள்ளைகளே, உங்களுக்கும். பிள்ளைகளுக்குள் நடக்கும் மிரட்டலைத் தடுக்கப் பின்லாந்தில் உருவான கிவா திட்டம் பார்த்து நிற்பவர்களைத்தான் முக்கியமாகக் கருதுகிறது. சிரிக்காமல் இருப்பது, பக்கத்தில் போய் நிற்பது, "சார் கூப்பிடுறார், வாடா" என்று அங்கிருந்து கூட்டிவருவது. இவ்வளவுதான் உங்களிடம் கேட்டோம், சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நீங்கள் அதைச் செய்தீர்கள்.

இந்த ஜூனில் சுற்றுப்புறத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து புதிதாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். யார் பெரியவன், யார் அடங்க வேண்டியவன் என்பது முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் முதல் நாள் முதல் பாடவேளையில் பாடம் கிடையாது. பள்ளியைச் சுற்றிக் காட்டும் பொறுப்பைத் தூய்மைப் பணியாளர் அம்மாவும் சமையலர் அக்காவும் ஏற்றிருக்கிறார்கள். கழிப்பறையில் தாழ்ப்பாளை எப்படிப் போடுவது, எப்படித் திறப்பது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை போட்டுப் பார்க்கும். அவர்கள் இருவரின் பெயரையும் கரும்பலகையில் எழுதிவைக்கிறோம், ஆசிரியர்கள் பெயருக்கு மேலே.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி