குட்டிக்கு, அப்பா எழுதுவது

அன்பு மகள் குட்டிக்கு,

நீ போன் எடுத்து இன்றோடு 22 நாள். அம்மா எண்ணவில்லை, நான்தான் எண்ணுகிறேன். மெக்சிக்கோவில், பலெங்கேயில் மழை என்று போனில் காட்டுகிறது, நீ இன்னும் அங்கேதான் நிற்கிறாயா என்பதை அது காட்டாது. கொதித்த தண்ணீரைக் குடி. இரவில் தண்டவாளப் பக்கம் போகாதே.

உன் கட்டுரையை மெச்சினார்களாம், அண்ணா சொன்னான். எனக்குப் பெருமைதான். ஆனால் கோயிலில் யாராவது கேட்டால் மானிடவியல் என்று சொல்லிவிட்டு நழுவுகிறேன், எல்லை தாண்டி ஆள் கடத்துகிறவர்களோடு இருந்து சாப்பிட்டுக் கதைப்பதுதான் படிப்பு என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? டாக்டருக்குப் படி என்று அன்றைக்கே சொன்னேன். சரி, விடு.

அந்தக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாயே, அரிசோனாப் பாலைவனத்தில் செத்தவர்களுக்காக 3,200க்கு மேல் அட்டைகள். பிணத்தின் கால்விரலில் கட்டுகிற மாதிரியான அட்டை, பேர் தெரியாதவருக்குச் செம்மஞ்சள். 1994இல் அமெரிக்கா நகரங்களை ஒட்டிய எல்லையை இறுக்கிச் சனத்தைப் பாலைவனத்துக்குத் தள்ளியது, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டது என்று நீ சொல்லிக்கொண்டே அட்டைகளை எழுதினாய். நான் இரண்டு செம்மஞ்சள் அட்டை எழுதியதோடு எழும்பிவிட்டேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். அது சட்டைப்பையில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது, "அப்பா, நீங்கள் எப்படி வந்தனீங்கள்?" என்று கேட்டாய். பிளேனில் என்றேன். பொய்யில்லை, கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லின். அங்கே பிரெட்றிக்ஸ்ட்ராச ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மேற்கு பேர்லின். கிழக்கான் போகவிட்டுவிடுவான், மேற்கான் அதை எல்லை என்றே ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் பாஸ்போட் பார்க்க ஆளில்லை. அது 1984. அடுத்த வருடம் எங்கள் ஆட்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

என்னை அனுப்பிய ஏஜென்சிக்கு நான் அரைவாசிக் காசுதான் கட்டியிருந்தேன். மிச்சத்தைக் கழிக்க ஏழு மாதம், வந்திறங்குகிற பெடியன்களை அந்த ஸ்டேஷனில் இருந்து கூட்டிப்போய் ஒரு அறையில் வைத்திருந்தேன். ஊரில் இருந்து காசு வரும்வரை அவர்களுடைய பாஸ்போட் என்னிடம்தான். உன் ஹொண்டூராஸ் பெடியன்களும் ஓடிவந்த வழியிலேயே மற்றவர்களைக் கூட்டிப்போகிறார்கள் என்று நீ சொன்னபோது, கழிசடைகள் என்று கத்தினேனே, அந்த நான்தான்.

ஒருவனுக்குக் காசு வரவேயில்லை. மார்கழி மாதம். புது ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று ஏஜென்சி சொன்னான், நான் அந்தப் பெடியனை வெளியே விட்டேன். பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. அவன் மேல்கோட்டுக் கூட இல்லாமல் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான், நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பருத்தித்துறை மாமியின் மூத்தவன்.

மாமி வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு நான் ஏன் வருவதில்லை என்று சின்னனிலிருந்தே கேட்பாய். கோயிலில் காணும்போதெல்லாம் அவ கேட்கிறா, "தம்பி, நீர் பேர்லினில் இருந்தனீர்தானே, அவனைக் காணவேயில்லையா?" இல்லை மாமி என்கிறேன்.

இதை அண்ணாவுக்குக் காட்டாதே. எழுதுவதானால் பேரை மாற்று, உன்னோடு கதைக்கிற ஆட்களுக்கு மாற்றுகிறாய்தானே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. போன் எடு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும், மாமி வருவா.

அப்பா