பார்ட் டைம் வேலைக்குப் போவது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை போய் அரசின் உதவித்தொகை வாங்குகிற ஒருவர், அடுத்த வேலை கிடைக்கும் வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்ட் டைம் போனால், உடனே அவரை அரசுப் பணத்தைச் சுருட்டுகிறவர் போலப் பேசுகிறார்கள். வாசகர் கடிதங்களிலும் அந்தக் குரலைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பல நாடுகளில் இதைச் சட்டமே அனுமதிக்கிறது. முழு நேர வேலை தேடிக்கொண்டே பகுதி நேரம் உழைப்பவர்களுக்கும் உதவித்தொகை தர அரசுகள் முயல வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 168-ஆவது உடன்படிக்கை 1988-லேயே சொல்லிவிட்டது. அனுமதி இருக்கிறது, சரி. ஆனால் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் 'ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்' என்கிற வேலையிழப்பு உதவித்தொகையில், பொதுவாக வாரச் சம்பாத்தியத்தில் 5 பவுண்டைத்தான் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள், அதற்கு மேல் சம்பாதிப்பது அப்படியே உதவித்தொகையில் கழிந்துவிடும். போய்வரும் பஸ் செலவுக்காவது அது காணுமா? ஜெர்மனியில் மாதம் 165 யூரோ வரை விடுகிறார்கள், ஆனால் வாரத்துக்கு 15 மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் நீங்கள் வேலையில்லாதவரே இல்லை, மொத்தமும் நின்றுவிடும். கனடாவில்தான் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட்தான் பிடித்தம், அதுவும் பழைய வாரச் சம்பளத்தில் 90 சதவீதம் வரைக்கும். அதாவது கூடுதலாக உழைத்தால் கையில் கூடுதலாக நிற்கும். மற்ற அரசுகளும் இந்த வழிக்கு வரவேண்டும்.

அப்புறம், உதவித்தொகை வாங்குகிறவர் தன் வருமானத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டிய அந்தப் படிவம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், வேலை செய்த வாரத்திலேயே வருமானத்தைச் சொல்லவேண்டும், பணம் கைக்கு வந்த வாரத்தில் அல்ல. அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை. சம்பளம் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்றால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? பணம் வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பார், இந்த வாரம் 'இல்லை' என்று குறித்துவிடுவார். பிறகொரு நாள், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டு, அபராதமும் கட்டு என்று கடிதம் வந்து நிற்கும். ஒளித்து வைத்தவருக்கும் தேதி குழம்பியவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தால், அடுத்த தடவை கிடைக்கிற சின்ன வேலையை யார் துணிந்து ஏற்பார்கள்?

மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவரை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. வாரத்தில் பத்து மணி நேரமாவது வேலை பார்த்தால் பழக்கம் விட்டுப்போகாது, நாலு பேரின் அறிமுகமும் கிடைக்கும்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரங்களோடு சேர்த்து, எந்த நாட்டில் எத்தனை மணி நேரம் வரை வேலை செய்யலாம், எவ்வளவு பிடிப்பார்கள், எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதையும் எளிய தமிழில் போடுங்கள். வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் பலர் அதைத் தேடி வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்