தீர்ப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சுட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீர்ப்புகளைத் தேடித் தரும் கட்டணச் சேவைகளுக்குச் சந்தா கட்ட முடியாத சிறிய அலுவலகங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று கட்டுரையாளர் சொல்கிறார். நானும் ஒரு ஜூனியரும் ஒரு குமாஸ்தாவும் மட்டுமே உள்ள அலுவலகம் என்னுடையது. கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற மாதம் கடலைமிட்டாய் வியாபாரி ஒருவர், பணமின்றித் திரும்பிய எண்பதாயிரம் ரூபாய் காசோலையுடன் வந்தார். காசோலை கொடுத்தவருக்கு ஓசூரில் வங்கிக் கணக்கு, இவருக்குக் கோவில்பட்டியில். நோட்டீஸ் அனுப்பி, பணம் கட்டுவதற்கான 15 நாளும் கடந்துவிட்டது. புகாரை எங்கே தாக்கல் செய்வது என்று என் ஜூனியர் கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டிருக்கிறார். ஓசூரில்தான் என்று பதில் வந்தது. அதற்கு ஆதாரமாக இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், தொகுதி எண், பக்க எண் சகிதம்.

முதல் தீர்ப்புக்காக நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினோம். அங்கே இருந்தது நில எடுப்பு இழப்பீட்டு வழக்கு. கட்சிக்காரர்களின் பெயர்களை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடினோம், அப்படி ஒரு வழக்கே இல்லை. பொய் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிட்டது.

என்னை நடுங்க வைத்தது இரண்டாவதுதான். தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கு, 2014. மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய உண்மையான தீர்ப்பு. பக்க எண்ணும் சரி. காசோலை கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்கு என்று அது சொல்வதும் சரி. ஆனால் 2015-ல், காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தி 142(2) என்ற உட்பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். கணக்கில் செலுத்தி வசூலிக்கும் காசோலையானால், பணம் பெற வேண்டியவரின் கணக்கு உள்ள கிளைக்கு உட்பட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம். ஓசூருக்குப் போயிருந்தால் புகார் திரும்பி வந்திருக்கும். அதற்குள் புகார் கொடுப்பதற்கான ஒரு மாதக் கெடு முடிந்து, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அந்த வியாபாரி நின்றிருப்பார்.

ஆகவே தீர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, இன்றைக்கும் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் சட்டப் பிரிவை அதன் திருத்தங்களோடு முதலில் படித்தோம். அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அதன் பிறகு இந்தியன் கானூன் என்ற இலவசத் தேடல் தளத்தில் அந்தத் தீர்ப்பைப் பின்னால் சுட்டிய வழக்குகளைப் பார்த்தோம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் தளம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த 2024 ஜூலைக்குப் பின் இந்த வரிசை இன்னும் அவசியம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் அது 528. புதிய 482 முன்ஜாமீன். கருவி இவற்றைக் குழப்பினால், மனு முதல் வரியிலேயே தவறாகிவிடும்.

பணம் கட்டினால் தப்பிக்கலாம் என்பதும் உண்மையில்லை. 2024-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த, பெரிய சட்டத் தகவல் நிறுவனங்களின் கட்டணக் கருவிகளே 17 முதல் 33 விழுக்காடு வரை தவறான விடை தந்தன. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தது தெரியவந்து, அது திரும்பப் பெறப்பட்டது. அங்கே வசதிக் குறைவா இருந்தது?

எங்களிடம் இல்லாதது நேரம். காலை பத்தரைக்குள் மூன்று நீதிமன்றங்களில் வாய்தா இருக்கும் ஜூனியரிடம் அந்த முக்கால் மணி நேரம் கிடையாது. அதனால் என் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: சுட்டும் ஒவ்வொரு தீர்ப்பிலும் நாம் நம்பும் பத்தியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அச்சிட்டு, யார் படித்தது, எந்தத் தேதி என்று ஓரத்தில் எழுதி வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும். சேர்க்காத தீர்ப்பு மனுவில் ஏறாது. கட்சிக்காரரின் பெயரோ ஊரோ கைப்பேசிக் கேள்வியில் இடம்பெறவும் கூடாது.

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஒரு வேண்டுகோள். தாலுகா நீதிமன்ற நூலகங்கள் ஒவ்வொன்றிலும் இணைய இணைப்புள்ள ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இந்தத் தளங்களில் தேடத் தெரிந்த ஒருவர், இவ்வளவு போதும். புதிதாகப் பதிவு செய்யும் இளம் வழக்கறிஞர்களுக்கு அரை நாள் பயிற்சியும் கொடுங்கள். வகுப்பில் 142(2)-ஐயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
கோவில்பட்டி